கடைமடைக்கு ஏன் தண்ணீர் வரவில்லை? – வாசகர் கேள்வி பதில்

சர்க்கரை, இதயநோய், புற்றுநோய் போன்றவற்றை ஜீன் தரவையும் கம்ப்யூட்டர் கணக்கையும் வைத்து எப்படி ஆராய்கிறார்கள் என்று கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நெல்லை, தென்காசிப் பக்கத்திலிருந்து. ஆகவே இந்த இதழ் அவர்களுக்கே. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

ஆலங்குளம் வாசகர்: அண்ணாச்சி, எங்க வீட்டில் அப்பா, பெரியப்பா, அத்தை மூணு பேருக்கும் சர்க்கரை. எனக்கு வயசு 34. ரத்தத்தை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு, எந்த ஜீன் கெட்டுப்போயிருக்குன்னு சொல்லிவிட முடியாதா?

பெரும்பாலான குடும்பங்களில் முடியாது. கெட்டுப்போன ஒற்றை ஜீன் என்று அங்கே எதுவும் இல்லை.

தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயில் கடைமடைக் குளம் நிரம்பவில்லை என்று வையுங்கள். பாபநாசம் அணையில் திறந்த தண்ணீர் குறைவாக இருக்கலாம். நடுவில் மதகுப் பலகை இற்றிருக்கலாம், கரையில் கசிவு இருக்கலாம், அமலைச் செடி அடைத்திருக்கலாம், மேல்மடைக்காரர் கூடுதலாக ஒரு நாள் பாய்ச்சியிருக்கலாம். எந்த ஒன்றும் தனியாகக் குளத்தை வற்ற வைக்காது. இருபது சிறு குறைகள் சேர்ந்தால் வற்றும். சர்க்கரை நோய் இந்த ஜாதி.

சிறு குறைகளைக் கண்டுபிடிக்கும் முறை, உண்மையில் தலை எண்ணுவதுதான். நோய் உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம். ஒவ்வொருவர் டிஎன்ஏவிலும் பல லட்சம் இடங்களில் எந்த எழுத்து இருக்கிறது என்று சில்லு வாசிக்கிறது. ஓர் எழுத்து நோயாளிகளிடம் கூடுதலாக இருக்கிறதா என்று இடம் இடமாக எண்ணுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், 10 லட்சம் இடத்தில் எண்ணினால் வெறும் தற்செயலாகவே ஆயிரக்கணக்கான இடங்கள் ‘வித்தியாசம்’ காட்டும். அதனால் வழக்கமான 0.05 (தற்செயலாக வர 20-ல் ஒரு வாய்ப்பு) என்ற வரம்பை 10 லட்சத்தால் வகுத்து, 0.00000005-க்குக் கீழே போனால்தான் ஏற்கிறார்கள். அந்த வரம்பைத் தாண்ட ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் ஆட்கள் வேண்டும்.

சர்க்கரைக்கு இப்படிக் கிடைத்த இடங்களில் வலுவானவற்றில் ஒன்று, 2006-ல் ஐஸ்லாந்துக்காரர்கள் கண்ட டிசிஎஃப்7எல்2 என்ற ஜீன். அதில் ஆபத்தான எழுத்தின் ஒரு பிரதி இருந்தால் ஆபத்து சுமார் 1.4 மடங்காகும். 100-க்கு 10 பேருக்கு வர இருந்தது 13, 14 பேருக்கு வரும், அவ்வளவுதான். 2024-ல் 25 லட்சம் பேரை வைத்துச் செய்த கணக்கில் 611 இடங்கள் தேறின.

இன்னொரு தொந்தரவும் உண்டு. இப்படிக் கிடைக்கும் இடங்களில் 10-க்கு 9 புரதத்துக்கான செய்முறைப் பகுதிக்குள் இல்லை. வெளியே, ஜீனை ஏற்றி இறக்கும் பகுதிகளில் இருக்கின்றன. 2007-ல் உடல் பருமனோடு தொடர்பு காட்டிய எழுத்து, எஃப்டிஓ என்ற ஜீனின் நடுவே இருந்தது. எல்லோரும் எஃப்டிஓவையே குடைந்தார்கள். 2014-ல் பார்த்தால், அந்த இடம் கட்டுப்படுத்துவது வெகுதூரம் தள்ளியிருக்கும் ஐஆர்எக்ஸ்3 என்ற ஜீனை. மதகு ஓர் ஊரில், பாயும் வயல் வேறு ஊரில்.

ஒரு விதிவிலக்கு: 25 வயதுக்குள், ஒல்லியானவருக்கு, மூன்று தலைமுறையாகத் தொடர்ந்து சர்க்கரை வருகிறது என்றால் ‘மோடி’ என்ற ஒற்றை ஜீன் வகையாக இருக்கலாம். அதற்கு மட்டும் ஜீன் சோதனை நேரடியாகப் பதில் சொல்லும்; மருந்தே மாறலாம்.

பாளையங்கோட்டை மாணவி: எம்.எஸ்சி. உயிர்தகவலியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜியோ என்ற பொது ஜீன் தரவுத் தளத்திலிருந்து இதயச் செயலிழப்புத் தரவை இறக்கி ‘ஹப் ஜீன்’ (மற்ற ஜீன்களோடு அதிகத் தொடர்பு உள்ளது) கண்டுபிடிப்பது ப்ராஜெக்ட். லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான். மூன்று மாதம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

இறக்குவதிலிருந்து தொடங்காதீர்கள். மாதிரிப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். ஒரு தாளில் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு வரி: எண், நோய் உண்டா இல்லையா, வயது, ஆணா பெண்ணா, எந்தத் திசு, எந்த மருத்துவமனை, எந்தத் தேதியில் கருவியில் ஓடியது. பிறகு நோயையும் தேதியையும் குறுக்கே போட்டு எண்ணுங்கள். நோயாளிகள் எல்லோரும் ஒரு தேதியிலும் மற்றவர்கள் எல்லோரும் இன்னொரு தேதியிலும் ஓடியிருந்தால் அந்தத் தரவை அங்கேயே விட்டுவிடுங்கள். நோயால் வந்த வித்தியாசத்தையும் தேதியால் வந்த வித்தியாசத்தையும் பிரிக்க எந்த மென்பொருளாலும் ஆகாது. நோயாளிகள் மட்டும் உள்ள தரவு ஒன்றையும் ஆரோக்கியமானவர்கள் மட்டும் உள்ள தரவு இன்னொன்றையும் ஒட்டிச் செய்யும் ப்ராஜெக்ட்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அவை அத்தனையும் இந்தக் குழியில் விழுந்தவை.

அடுத்தது பால் (ஆணா பெண்ணா) சரிபார்ப்பு. எக்ஸ்ஐஎஸ்டி என்ற ஜீன் பெண்களிடம் மட்டும் நன்றாக ஓடும் (செயல்படும்). ஆர்பிஎஸ்4ஒய்1 ஆண்களிடம் மட்டும். இரண்டையும் ஒரே படத்தில் போட்டால் மாதிரிகள் இரு கூட்டமாகப் பிரியும். ‘ஆண்’ என்று எழுதியவர் பெண் கூட்டத்தில் நின்றால் குழாய் மாறியிருக்கிறது. பத்து நிமிட வேலை, தவறாமல் செய்யுங்கள்.

இனி 8 ஜிபி. கருவி வாசித்த எழுத்துகள் அப்படியே உள்ள மூல எஃப்ஏஎஸ்டிக்யூ கோப்பு ஒரு மாதிரிக்குச் சுருக்கிய நிலையிலேயே 2, 3 ஜிபி வரும். 40 மாதிரி என்றால் 100 ஜிபி. அந்த எழுத்துகளை ஜீனோமில் பொருத்தும் ஸ்டார் நிரலுக்கு மனித ஜீனோமை ஏற்றவே சுமார் 30 ஜிபி ரேம் வேண்டும், உங்கள் லேப்டாப் நின்றுவிடும். ஹைசாட்2 அல்லது சால்மன் சமாளிக்கும். அதைவிட நல்லது, மனித ஆர்என்ஏ தரவுகளுக்கு ஜியோ தளமே ஜீன்வாரி எண்ணிக்கை அட்டவணையைத் தயாராகக் கொடுக்கிறது, அதை எடுங்கள். மூலத்திலிருந்து ஒருமுறை செய்து பழக ஆசை என்றால், கேலக்ஸி என்ற இலவச இணைய மேடையில் நாலு மாதிரிக்கு மட்டும் செய்து பாருங்கள்.

எந்த ஜீன் ஏறியது, எது இறங்கியது என்று கணக்கிடும் டிஈசெக்2-வுக்குக் கொடுக்க வேண்டியது முழு எண் எண்ணிக்கை. எஃப்பிகேஎம், டிபிஎம் என்று ஏற்கெனவே சமன்செய்த எண்களைக் கொடுத்தால், தசமத்தைப் பார்த்து அது முரண்டு பிடிக்கும். உடனே ‘ரவுண்டு’ செய்து திணிப்பார்கள். விடை வரும், ஆனால் தப்பாக வரும். சிறிய குழுவில் எத்தனை பேரோ அத்தனை மாதிரிகளிலாவது 10 எண்ணிக்கை இல்லாத ஜீனைத் தள்ளிவிடுங்கள். சூத்திரத்தில் பால், ஓடிய தேதி, கடைசியில் நோய் என்று வரிசையாக வையுங்கள். தேதி விளைவைக் காம்பேட் என்ற நிரலை வைத்து முன்கூட்டியே கழுவி, கழுவிய எண்ணை டிஈசெக்2-க்குள் போடக் கூடாது. கழுவுவது படம் பார்ப்பதற்கு மட்டும். தரவு மைக்ரோஅரே (சில்லில் ஒளியை அளந்த பழைய முறை) என்றால் டிஈசெக்2 வேண்டாம், லிம்மா என்ற நிரல். அதில் எண்கள் 0-க்கும் 16-க்கும் நடுவே இருந்தால் ஏற்கெனவே மடக்கை எடுத்தது. ஆயிரக்கணக்கில் இருந்தால் எடுக்காதது. இரண்டு தடவை மடக்கை எடுத்து மொத்த வித்தியாசத்தையும் நசுக்கிவிட்ட ஆய்வேடுகள் நிறைய.

20,000 ஜீனை 0.05 வரம்பில் சோதித்தால், ஒன்றுமே இல்லாத தரவிலும் சுமார் 1,000 ஜீன் தேறும். ஆகவே பார்க்க வேண்டியது இத்தனை சோதனைக்கும் சேர்த்துத் திருத்திய மதிப்பை மட்டும்.

இதயத் திசுவுக்கென்றே ஒரு எச்சரிக்கை. செயலிழந்த இதயத்தில் தசை குறைந்து நார்ச்செல் கூடியிருக்கும். கொலாஜன் ஜீன்கள் ‘ஏறியிருக்கின்றன’ என்று விடை வரும். அது பெரும்பாலும் நார்ச்செல்லின் தலை எண்ணிக்கை கூடியதைத்தான் சொல்கிறது. தசைச் செல் ஒவ்வொன்றுக்குள்ளும் என்ன மாறியது என்பதை அது சொல்லாது. முடிவுரையில் இதை ஒத்துக்கொண்டு ஒரு பத்தி எழுதினால் வாய்மொழித் தேர்வில் பாதிக் கேள்வி குறையும்.

ஹப் ஜீன் விஷயத்தில் எங்களுக்குக் கொஞ்சம் அலுப்பு உண்டு, மறைக்கவில்லை. எந்த நோயைப் போட்டாலும் டிபி53, ஐஎல்6, ஏகேடி1 வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஜீன்களைக் கோடு போட்டு இணைத்துக் காட்டும் ஸ்டிரிங் தளத்தின் ஆதாரங்களில் ஒன்று, இரண்டு ஜீன் பெயர்கள் ஒரே கட்டுரையில் சேர்ந்து வருவது. அதிகம் எழுதப்பட்ட ஜீனுக்கு அதிகக் கோடு. கல்யாண வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தவர் மாப்பிள்ளை என்று ஆகிவிடாது. அந்த ஆதாரத்தை அணைத்துவிட்டு, நம்பக வரம்பை 0.4-லிருந்து 0.7-க்கு ஏற்றிப் பாருங்கள். உங்கள் முதல் பத்தில் எத்தனை நிற்கிறது என்று எழுதுங்கள். அதோடு, அந்தத் திசுவில் ஓடும் ஜீன்களிலிருந்து அதே அளவு பட்டியலை 1,000 தடவை கண்ணை மூடி எடுத்தால் அதே ஜீன் எத்தனை தடவை ஹப் ஆகிறது என்றும் எண்ணுங்கள். கடைசியில், நீங்கள் தொடாத இன்னொரு தரவில் அதே ஜீன் அதே திசையில் மாறுகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் இருந்தால் ஹப் என்ற சொல்லையே எழுதாவிட்டாலும் நல்ல ப்ராஜெக்ட்.

வள்ளியூர் வாசகர்: ஆய்வகத்தில் டெக்னீஷியன். கிராம முகாம்களில் எடுக்கும் ரத்தம் ஆராய்ச்சிக்கும் போகிறது. எங்கள் பக்கம் என்ன தப்பு நடந்தால் கணக்கு கெடும்?

நேரம். சாதாரணக் குழாயில் வைத்த ரத்தத்தில் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், வெயிலில் இன்னும் வேகமாக. வெறும் வயிற்றில் 140 இருந்தவர், இரண்டு மணி நேரம் ஜீப்பில் வந்தால் 124 ஆகிவிடுவார். சர்க்கரை நோய் என்பதற்கான வரம்பு 126. தூரத்து ஊர்க்காரர் இப்படி ‘நோய் இல்லாதவர்’ பட்டியலுக்குப் போகிறார். பிறகு யாராவது அந்த ஊர்த் தண்ணீரையும் சாப்பாட்டையும் ஆராய்ச்சி செய்வார்கள்.

சாம்பல் மூடி ஃப்ளூரைடு குழாய் வேண்டும். அதுவும் முதல் ஒரு மணி நேரம் முழுதாகத் தடுக்காது. ஆகவே ஐஸ் தண்ணீரில் நிறுத்தி, முடிந்தால் முகாமிலேயே சுழற்றிப் பிரித்துவிடுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி-க்கு ஊதா மூடி. அது குளிர்பெட்டியில் சில நாள் தாங்கும். ஆனால் இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்பிஏ1சி பொய்யாக ஏறும், எனவே ஹீமோகுளோபினையும் அதே வரியில் எழுதுங்கள். டிஎன்ஏ பெரும்பாலும் தாங்கும். எந்த ஜீன் இயங்குகிறது என்று காட்டும் ஆர்என்ஏ தாங்காது: ஊதா மூடிக் குழாயில் வெளியே கிடந்தால் எஃப்ஓஎஸ் போன்ற அழுத்த ஜீன்கள் குழாய்க்குள்ளேயே ஏறிவிடும். அதற்கென்று உள்ள நிலைநிறுத்தும் குழாயில் குறித்த அளவு ரத்தத்தை எடுத்து, எட்டு பத்து தடவை மெதுவாகக் கவிழ்க்க வேண்டும்.

குத்திய நேரம், பிரித்த நேரம் இரண்டையும் கடிகாரம் பார்த்து எழுதுங்கள். ‘காலை’ என்று எழுதாதீர்கள்.

கடையநல்லூர் வாசகர்: எங்கள் பக்கம் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் சகஜம். அக்கா மகளைக் கட்டுவதும் உண்டு. இது ஜீன் ஆராய்ச்சிக்கு உதவியா, இடைஞ்சலா?

இரண்டும். அத்தை மகன் – மாமன் மகள் தம்பதிக்குப் பிறக்கும் பிள்ளையின் டிஎன்ஏவில் சராசரியாக 16-ல் ஒரு பங்கு, தாய்மாமனைக் கட்டியவரின் பிள்ளைக்கு 8-ல் ஒரு பங்கு, இரு பக்கத்திலும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும். 300 கோடி எழுத்தில் 16-ல் ஒன்று என்றால் கிட்டத்தட்ட 19 கோடி எழுத்து. பிளிங்க் நிரலில் 50 லட்சம் எழுத்துக்கு மேல் நீளும் ஒரே மாதிரித் துண்டுகளைத் தேடினால் பளிச்சென்று தெரியும். இரு பிரதியும் பழுதானால்தான் வரும் அரிய நோய்களின் ஜீனைப் பிடிக்க இது பெரிய உதவி.

பரவலான நோய்களில் இடைஞ்சல். வெளிநாட்டுச் செய்முறையை அப்படியே பின்பற்றுகிறவர்கள், உறவுக் கெழு 0.0442-க்கு மேல் உள்ள, அதாவது சொந்தக்காரர்களான, ஜோடியில் ஒருவரைத் தள்ளு என்பார்கள். நம் ஊரில் அப்படித் தள்ளினால் பாதி மாதிரி போய்விடும். தள்ளாமல், உறவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் ரெஜெனி, சைஜ் போன்ற கலப்பு மாதிரி நிரல்களைப் பயன்படுத்த வேண்டும். இன்னொன்று, ஹார்டி–வைன்பெர்க் சோதனை: மக்கள் கலந்து மணந்தால் வர வேண்டிய விகிதத்தில் எழுத்து ஜோடிகள் இருக்கின்றனவா என்று பார்த்து, தப்பாக வாசித்த இடங்களைத் தள்ளுவது. உள்ளுக்குள்ளேயே மணக்கும் சமூகங்கள் பல கலந்த மாதிரியில், சரியாக வாசித்த இடங்கள்கூட இந்தச் சோதனையில் தோற்கும். வரம்பைக் கண்டிப்பாக வைத்தால் நல்ல தரவைக் கொட்டிவிடுவோம். எல்லாவற்றையும்விட முக்கியம்: நோயாளிகள் ஒரு சமூகம், ஒப்பீட்டுக்காரர்கள் வேறு சமூகம் என்று அமைந்தால், கிடைப்பது நோயின் ஜீனா சமூகத்தின் ஜீனா என்று தெரியாது. ஒரே ஊர், ஒரே சமூகத்திலிருந்து இரு தரப்பையும் எடுக்க வேண்டும்.

நம் பக்கத்துத் தரவு ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு சான்று. எம்ஒய்பிபிசி3 என்ற இதயத் தசை ஜீனில் 25 எழுத்து விடுபட்டிருப்பது இதயத் தசை நோயோடு தொடர்புடையது என்பது 2009-ல் வெளியானது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்கு அதில் முக்கியப் பங்கு. தெற்காசியர்களில் 100-க்கு சுமார் 4 பேரிடம் உண்டு, ஐரோப்பியர்களிடம் கிட்டத்தட்ட இல்லை. ஐரோப்பியத் தரவில் எத்தனை லட்சம் பேரைத் தேடினாலும் கிடைத்திருக்காது. (இருக்கிறவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை, பயப்பட வேண்டாம்.) இந்திய ஜீனோம் திட்டத்தின் 10,000 பேர் தரவு 2025 ஜனவரியில் ஃபரிதாபாத் தரவு மையத்தில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது, விண்ணப்பித்துப் பெற வேண்டும். விண்ணப்பமே இல்லாமல் இறக்க வேண்டுமானால், ஆயிரம் ஜீனோம் திட்டத்தில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேரின் தரவு இருக்கிறது.

நாங்குநேரி வாசகர்: எச்சில் அனுப்பிச் செய்யும் ஜீன் சோதனையில் மகனுக்குச் சர்க்கரை ஆபத்து ‘100-க்கு 82’ என்று வந்திருக்கிறது. 82 சதவீதம் வந்துவிடும் என்று அர்த்தமா?

இல்லை. அது பெரும்பாலும் வரிசை எண். 100 பேரை வரிசையாக நிறுத்தினால் 81 பேருக்கு மேலே நிற்கிறார் என்று அர்த்தம். அந்த 100 பேர் யார் என்பதுதான் கேள்வி. இத்தகைய மதிப்பெண், நாம் மேலே சொன்ன இடங்களின் சிறு சிறு ஆபத்தைக் கூட்டிப் போடுவது. கூட்டும் எடைகள் பெரும்பாலும் ஐரோப்பியத் தரவிலிருந்து வந்தவை. 2019-ல் பார்த்தபோது இத்தகைய ஆய்வுகளில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய 79 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளியினர். அதே மதிப்பெண் தெற்காசியர்களிடம் கணிசமாகத் துல்லியம் குறைகிறது. அறிக்கையில் ஒப்பீட்டு மக்கள் யார் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போடாவிட்டால் மடித்து வைத்துவிடலாம்.

காசில்லாத மதிப்பெண் ஒன்று, சென்னை மக்கள் தரவிலிருந்தே கணக்கிட்டு 2005-ல் வெளியானது, இருக்கிறது. வயது 35-க்குக் கீழ் 0, 35 முதல் 49 வரை 20, 50-க்கு மேல் 30. இடுப்பு ஆணுக்கு 90 செ.மீ.க்குக் கீழ் 0, 90 முதல் 99 வரை 10, அதற்கு மேல் 20. பெண்ணுக்கு இதே எல்லைகள் 80, 90. உடற்பயிற்சியும் உடலுழைப்பும் இரண்டும் இருந்தால் 0, ஒன்று மட்டும் இருந்தால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 60-ஐத் தொட்டால் அதிக ஆபத்து. நாள் முழுக்கக் கல்லாவில் உட்காரும் 45 வயதுக்காரர், இடுப்பு 94, அம்மாவுக்குச் சர்க்கரை: 20, 10, 30, 10, ஆக 70. அவர் அடுத்துச் செய்ய வேண்டியது வெறும் வயிற்று ரத்தச் சோதனை, அவ்வளவுதான். ஒரு இஞ்ச் டேப் போதும். தொப்புள் மட்டத்தில் இறுக்காமல் அளக்க வேண்டும். வேட்டி கட்டும் இடத்தில் அளந்தால் குறைந்து வரும்.

சேரன்மகாதேவி வாசகி: என் வீட்டுக்காரர் ஒல்லி. 38 வயசில் சர்க்கரை வந்தது. டாக்டர் டைப் 2 என்கிறார். டைப் 2-விலேயே நாலு வகை என்று படித்தேன். உண்மையா?

கணக்கு அப்படிப் பிரித்துக் காட்டியிருக்கிறது. 2018-ல் ஸ்வீடனில் 8,980 நோயாளிகளை ஐந்து கூட்டமாகப் பிரித்தார்கள். 2020-ல் இந்திய நோயாளிகள் 19,084 பேரை வைத்து, நோய் கண்ட வயது, உடல் எடைக் குறியீடு, இடுப்பு, எச்பிஏ1சி, டிரைகிளிசரைடு, எச்டிஎல், வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் சி-பெப்டைடு (இன்சுலின் எவ்வளவு சுரக்கிறது என்று காட்டுவது) என்று எட்டு அளவுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தபோது நாலு கூட்டம் வந்தது. அதில் ஒன்று இளவயது, ஒல்லி உடல், இன்சுலின் சுரப்பே குறைவு என்ற கூட்டம். நாலில் ஒருவர் இதில் இருந்தார். கண் விழித்திரை பாதிப்பு இவர்களிடம் முன்னதாக வரக்கூடும். எனவே உங்கள் வீட்டுக்காரருக்கு இந்தக் கேள்வியால் ஒரு பயன் உண்டு: டாக்டரிடம் சி-பெப்டைடு பார்க்கலாமா என்று கேளுங்கள், விழித்திரைச் சோதனையை ஆண்டுதோறும் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் நாலு என்ற எண்ணைக் கல்வெட்டாக எடுக்க வேண்டாம். இந்த வகைக் கணக்கில் எத்தனை கூட்டம் என்பதை முடிவு செய்வதில் மனிதர் கை இருக்கிறது. கம்ப்யூட்டரிடம் ஆறு கேட்டால் ஆறு தரும். அளவுகளை ஒரே தராசுக்குக் கொண்டுவராமல் கொடுத்தால், 150, 300 என்று ஓடும் டிரைகிளிசரைடு மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். எல்லைக்கோட்டில் நிற்பவர் அடுத்த வருடச் சோதனையில் பக்கத்துக் கூட்டத்துக்குப் போய்விடுவதும் உண்டு.

கல்லிடைக்குறிச்சி வாசகர்: எச்டிஎல் ‘நல்ல கொழுப்பு’ என்கிறார்கள். அதைக் கூட்ட மாத்திரை ஏன் தருவதில்லை?

செய்து பார்த்தார்கள். டார்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்லை 70 சதவீதத்துக்கு மேல் கூட்டியது. 15,000 பேரிடம் நடந்த சோதனை 2006-ல் நிறுத்தப்பட்டது, மருந்து எடுத்தவர்களிடம் சாவு கூடியதால். எச்டிஎல் கூடியவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பது உண்மை. எச்டிஎல்லால்தான் குறைவு என்பது வேறு பேச்சு.

இதைப் பிரிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. கருவிலேயே எந்த ஜீன் எழுத்து யாருக்கு என்பது திருவுளச்சீட்டு மாதிரி விழுகிறது. சாப்பாடு, வசதி, சிகரெட் எதுவும் அதை மாற்றாது. பிறவியிலேயே எச்டிஎல்லைக் கூட்டும் எழுத்து விழுந்தவர்களுக்கு மாரடைப்பு குறைந்திருக்கிறதா என்று 2012-ல் பார்த்தார்கள், குறையவில்லை. மாறாக, பிசிஎஸ்கே9 ஜீன் பழுதாகி எல்டிஎல் (‘கெட்ட கொழுப்பு’) பிறவியிலேயே 28 சதவீதம் குறைந்த அமெரிக்கக் கறுப்பினத்தவர்களிடம் இதயநோய் 88 சதவீதம் குறைவு என்று 2006-ல் தெரிந்தது. அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசி 2015-ல் வந்துவிட்டது. இந்த முறைக்கு இப்போது ஆயத்தத் தரவும் நிரலும் கிடைப்பதால், ஒரு மத்தியானத்தில் ஒரு கட்டுரை என்று எழுதித் தள்ளுகிறார்கள். அந்த எழுத்து நோயை வேறு பாதையிலும் தொடுகிறதா என்று பார்க்காத கட்டுரைகளை நம்ப வேண்டாம்.

பெருமாள்புரம் வாசகர்: மென்பொருள் பொறியாளர். 60 நோயாளிகளின் ஜீன் தரவில் புற்றுநோயை 98 சதவீதம் துல்லியமாகச் சொல்லும் ஏஐ என்று கட்டுரைகள் வருகின்றன. நம்பலாமா?

ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: 20,000 ஜீனிலிருந்து 50-ஐத் தேர்ந்தெடுத்தது, பயிற்சிக்கும் தேர்வுக்கும் என்று ஆட்களைப் பிரிப்பதற்கு முன்னாலா, பின்னாலா? முன்னால் என்றால் வினாத்தாள் வெளியாகிவிட்டது. நீங்களே சோதிக்கலாம்: 60 பேருக்கு வெறும் தற்செயல் எண்கள் 20,000 போட்டு, 30 பேரை ‘நோயாளி’ என்று பெயர் வைத்து, முதலில் ஜீனைத் தேர்ந்தெடுத்துப் பிறகு பிரித்துப் பாருங்கள். ஒன்றுமே இல்லாத தரவில் 90-க்கு மேல் வரும்.

தேர்வு சரியாகவே நடந்திருந்தாலும், தெருவில் அந்த 98 என்ன ஆகும்? 1,000-ல் ஒருவருக்கு இருக்கும் நோய். 1,00,000 பேரைச் சோதிக்கிறோம். 100 நோயாளிகளில் 98 பேரைப் பிடிக்கும். மற்ற 99,900 பேரில் 2 சதவீதம், 1,998 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ‘உண்டு’ என்று சொன்ன 2,096 பேரில் நிஜமாக நோய் உள்ளவர் 98 பேர்.

அம்பாசமுத்திரம் வாசகர்: புரத வடிவத்தைக் கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறதாமே, இனி நோய்க்காரணம் தெரிந்துவிடுமா?

ஆல்ஃபாஃபோல்டு, 2024 வேதியியல் நோபலில் அதற்கும் பங்கு. நல்ல கருவிதான். படத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் 100-க்கு ஒரு நம்பக மதிப்பெண் இருக்கும்: 90-க்கு மேல் நம்பலாம், 50-க்குக் கீழ் இருந்தால் அந்த நூடுல்ஸ் வளையத்துக்கு அர்த்தம் தேடாதீர்கள். ஓர் எழுத்து மாறினால் புரதம் என்ன ஆகும் என்பதை அது நேராகச் சொல்லாது. மாற்றியும் மாற்றாமலும் ஒரே படத்தையே காட்டக்கூடும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963-ல் போட்ட வரைபடத்தில்தான் இன்றைக்கும் எந்தப் புரத மாதிரியையும் வைத்து, சங்கிலி மடிய முடியாத கோணத்தில் மடிந்திருக்கிறதா என்று சோதிக்கிறார்கள்.

விக்கிரமசிங்கபுரம் வாசகர்: ஓர் ஆய்வு அட்டவணையில் ஜீன் பெயர்கள் நடுவே ‘2-செப்’, ‘1-மார்’ என்று வருகிறது. அச்சுப் பிழையா?

எக்செல் பிழை. செப்ட்2, மார்ச்1 என்று ஜீன்கள் உண்டு. எக்செல் அவற்றைத் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். 2016-ல் எண்ணிப் பார்த்தபோது, ஜீன் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் ஜீனுக்குப் பெயர் வைக்கும் குழுவே இறங்கிவந்து 2020-ல் பெயரை மாற்றிவிட்டது: செப்டின்2, மார்ச்எஃப்1. கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாகப் போய் ஜீன் பெயர் உள்ள நெடுவரிசையை ‘உரை’ என்று குறித்தால் பிழை வராது. திறந்து சேமித்த பிறகு நெடுவரிசையை உரையாக மாற்றிப் பயனில்லை. பெயருக்குப் பதில் ஐந்து இலக்க எண்தான் வரும்.

2020-க்கு முந்தைய கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் ‘2-செப்’ இருந்தால் செப்ட்2 என்று ஊகித்துத் திருத்திவிடலாம். ‘1-மார்’ அப்படியல்ல. மார்ச்1 என்ற ஜீனும், எம்ஏஆர்சி1 என்று அப்போது பெயர் கொண்ட கல்லீரல் நோயோடு தொடர்புடைய ஜீனும், இரண்டுமே எக்செல்லில் ‘1-மார்’ ஆகிவிடும். மூலக் கோப்பு கையில் இல்லாவிட்டால் அந்த வரியை அடித்துவிட வேண்டியதுதான்.